பதினைந்து சப்பல்

ஆய்வுகூடத்தில் மத்தியானம் எல்லாரும் ஒன்றாய் இருந்துதான் சாப்பிடுவோம். நாங்கள் சாப்பிட்டு, கோப்பை கழுவி, கதை தொடங்கி, அந்தக் கதையும் முடிந்து எழும்புகிற நேரத்தில் போத்தல் கழுவுகிற அக்கா பாதிச் சோற்றுப் பார்சலில் நிற்பார். ஒரு வாய் வைத்தால் அது சோறா கறியா என்று அடையாளம் தெரியாத பதத்துக்குச் சப்பி மென்ற பிறகுதான் விழுங்குவார். பொடியங்கள் அவருக்குச் சப்பல் அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், கோபிக்கமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஏதாவது கேட்டால் உள்ளங்கையைக் காட்டி நிற்பாட்டி வைப்பார். வாய் வெறுமையான பிறகு, "சாப்பிட்டு முடியட்டும் பிள்ளை, பிறகு கதைப்பம்" என்பார். அதைச் சொல்ல வாய் இருக்கிறதே, அந்த வாயால் பதிலையே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று எனக்கு விசர் வரும்.

சாப்பாடு மட்டுமில்லை, பதிலையும் அவர் சப்பித்தான் தருவார். "அக்கா, அந்தப் பெரிய போத்தல் எங்கை?" என்று கேட்டால் போத்தலையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் கொஞ்ச நேரம் நிற்பார். நான் நாலு அலுமாரியைத் திறந்து பார்த்து முடித்திருப்பேன். அப்போதுதான் "கழுவிக் கவிட்டுக் கிடக்கு" என்பார். கவிழ்த்த இடத்தைக் கேட்க எனக்குப் பயம், அதற்கு இன்னும் ஐந்து நிமிஷம் வேண்டும்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. முல்லைத்தீவுக் கரைப் பக்கம், கடற்றொழில் செய்த வேதக்காரக் குடும்பம். புருஷன் இல்லை. கிளிநொச்சியில் தங்கச்சி வீட்டில் நின்றுகொண்டு ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவவும் கூட்டவும் தற்காலிகமாக வந்தவர். ஞாயிறு பூசைக்கு மட்டும் ஊருக்குப் போவார். நான் அங்கே மேற்படிப்புக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீடு இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயற்பக்கம். அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள், ஆசாரம் பார்க்கிறவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால் என் ஆய்வு முழுக்க முழுக்க எச்சிலில்தான் நடந்தது.

விஷயம் இதுதான். குரக்கன் பிட்டைத் தின்றால் அதிலுள்ள மாப்பொருள் எவ்வளவு வேகமாகச் சீனியாக மாறுகிறது? அதே பிட்டில் முருங்கையிலைத் தூளைக் கலந்தால், இலையிலுள்ள நாரும் கைப்புச் சத்துகளும் அந்த வேகத்தைக் குறைக்கின்றனவா? வீட்டுக்கு ஒருவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிற நாட்டில் இது சின்னக் கேள்வி இல்லை. உயிரோடிருக்கிற ஆளின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க முடியாது என்பதால் வயிற்றைக் கண்ணாடியில் செய்து வைத்திருந்தோம். பீக்கருக்குள் இரைப்பை அமிலம். பிறகு ஒரு மெல்லிய பைக்குள் குடலின் நொதியம். அந்தப் பையை உடம்புச் சூட்டில் ஆடுகிற தண்ணீர்த் தொட்டியில் மூன்று மணித்தியாலம் விட்டு, அரை மணிக்கு ஒருதரம் வெளியே கசிந்த சீனியை அளப்போம். சீனி மெல்லக் கசிந்தால் நல்ல சாப்பாடு. இதில் ஒரு வேலையை மட்டும் கண்ணாடியால் செய்ய ஏலாது. சப்புகிற வேலை. அதற்கு மனுசர் வேண்டும்.

அளந்த பிட்டை வாயில் போட வேண்டும். பதினைந்து செக்கனில் பதினைந்து தரம் சப்ப வேண்டும். பீக்கருக்குள் துப்பி, ஒரு மிடறு தண்ணீரால் கொப்பளித்து அதையும் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. மூன்று பேர் சப்புவது என்று திட்டத்தில் எழுதியிருந்தோம். முதல் நாளே நான் விழுங்கிவிட்டேன். காலைச் சாப்பாடு இல்லாமல் ஓடி வந்தவளுக்குச் சுடச்சுடக் குரக்கன் பிட்டைத் தந்து துப்பு என்றால் எந்தத் தொண்டை கேட்கும்? என்னோடு படித்த பொடியன் இரண்டு நாள் துப்பினான். மூன்றாம் நாள் தன் பீக்கரைத் தானே பார்த்து ஓங்காளித்துக்கொண்டு வெளியே போனவன் அந்தப் பக்கம் வரவில்லை.

மேசை துடைத்துக்கொண்டு நின்ற அக்கா துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு வந்தார்.

"நான் சப்பித் தரட்டோ?"

ஒப்புதல் படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். சுயவிருப்பம், எப்போதும் விலகலாம், பெரிய வருத்தம் ஒன்றுமில்லை, வாயும் பல்லும் சுகமாய் இருக்கின்றன என்று நாலு வரி. கேட்டுவிட்டு வழக்கம்போல நின்றார். பிறகு, "எல்லாப் பல்லும் கிடக்கு" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். அன்றைக்கு அது உண்மை.

அப்படி ஒரு வாயை நான் பிறகு எங்கேயும் காணவில்லை. பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டே சப்புவார். பதினாலும் இல்லை, பதினாறும் இல்லை. ஒரே பிட்டை மூன்று நாள் கொடுத்தாலும் மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே அளவு சீனிதான் வரும். எங்கள் பொறுப்பாசிரியர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், வரைபைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அச்சிலை வாத்த மாதிரி இருக்கு. இனி வேறை ஆக்களைத் தேடாதையும். இந்த ஒரு வாய் காணும்."

ஒரு வாயை வைத்து ஊருக்கே சாப்பாடு சொல்லக்கூடாது என்பது முதலாம் வருஷப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. அக்காவின் புள்ளிகள் அழகாக ஒரு கோட்டில் விழுந்தன, நான் வாயை மூடிக்கொண்டேன். அக்காவுக்கும் அதில் ஒரு நன்மை இருந்தது. போத்தல் கழுவுகிற ஆளை எந்த மாதமும் நிற்பாட்டலாம், சப்புகிற ஆளைத் திட்டம் முடியுமட்டும் நிற்பாட்ட ஏலாது.

எங்கள் வீட்டில் இது பெரிய கதையாகிவிட்டது. "ஆற்றையோ எச்சிலை அலசிப்போட்டோ குசினிக்குள்ளை வாறாய்?" என்று அம்மா கேட்டார். கையுறை போடுகிறேன் என்றேன். கையுறை கைக்குத்தானே என்றார். பட்டம் எடுக்குமட்டும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன். இதை ஒருநாள் சிரிப்பாக நினைத்து அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து துப்பிய பீக்கரைத் தானே தட்டில் வைத்து மேலே ஒரு துணி போட்டு மூடித் தந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சப்புவது அவருக்குப் பாடில்லை. துப்புவதுதான் பாடு. துப்பிய பிறகு பீக்கருக்குள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். "சாப்பாட்டைத் துப்ப மனம் கூசுது பிள்ளை" என்று ஒருநாள் சொன்னார். இவ்வளவு சப்புவதற்கு எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். தொட்டி ஆடுகிற சத்தத்தை நான் கன நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கடைசி மாசங்களிலை," என்றார். வன்னியில் அது எந்தக் கடைசி என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. "கஞ்சிக்குள்ளை கிடக்கிற பருக்கையை வடிச்செடுத்து மகளுக்குக் குடுக்கிறனான். விழுங்கிப்போடாதை, சப்பு, இன்னும் சப்பு எண்டு சொல்லிக்கொண்டிருப்பன். கன நேரம் வாயிலை கிடந்தா வயிறு ஏமாறும். அவளுக்குக் காட்ட நானும் வெறும் வாயைச் சப்புவன்."

மகள் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "பளையிலை கலியாணம் கட்டி இருக்கிறாள். அவள் இப்ப அரக்கப்பரக்க அள்ளித்தான் தின்னுவாள். எனக்குத்தான் பழக்கம் விடுகுதில்லை." எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வெறும் குரக்கன் பிட்டை முதல் அரையாண்டில் செய்து முடித்தோம். பிறகு நொதியம் கொழும்பிலிருந்து வரப் பிந்தியதில் இரண்டு மாதம் எல்லாம் நின்றது. திரும்பத் தொடங்கியது முருங்கையிலை கலந்த பிட்டோடு. முதல் நாளே கோடு சரிந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். சீனி அவ்வளவு மெல்லக் கசிந்தது. சேர் வரைபைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கு அறை போனார். நான் அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்து முருங்கையிலையின் பெருமையைச் சொன்னேன். அவர் வேலியில் நிற்கிற மரத்துக்கு அன்றைக்கே தண்ணீர் ஊற்றியிருப்பார்.

ஒழுங்குக்கு ஒருநாள் வெறும் பிட்டையும் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். செய்தேன். அதுவும் சரிந்தது. இலையே இல்லாத பிட்டில், இலை போட்ட பிட்டைப்போலச் சீனி மெல்லக் கசிந்தது. அதைச் சேரிடம் கொண்டுபோனேன். சேர் வரைபைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவா விழுங்கிறா."

"இல்லை சேர், அவா அப்பிடி..."

"துப்பலும் சேந்து வாறதாலை நிறையை வைச்சுக் கண்டுபிடிக்கேலாது. சாப்பாடில்லாமல் கிடந்த சனம், வாய்க்குள்ளை வைச்சதைத் துப்புமோ? இண்டைக்குச் சப்பி முடிய வாயைத் திறந்து பாரும்."

அந்தச் சனத்தில் நானும் ஒருத்தி. சண்டையின் கடைசியில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது எனக்குப் பதினாலு வயது. சேர் அதை மறந்திருப்பார். ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு போய் அவர் சொன்னதைச் செய்தேன், அதுதான் கேவலம்.

அக்கா துப்பி, கொப்பளித்து, பீக்கரைத் துணியால் மூடினார்.

"அக்கா, ஒருக்கா வாயை ஆவெண்டுங்கோ."

அவர் நின்றார். வழக்கமாக நிற்கிறதைவிடக் கூட நேரம்.

"நான் விழுங்கிறனெண்டோ?"

நான் ரெலிபோன் வெளிச்சத்தைப் போட்டேன். தாயின் வயதுள்ள மனுசி கண்ணை மூடிக்கொண்டு எனக்கு முன்னால் வாயைத் திறந்தார்.

உள்ளே பிட்டு இல்லை. கடைவாய்ப் பல்லும் இல்லை. வலப்பக்கம் கடைவாயில் மூன்று பல் இருந்த இடத்தில் முரசு, வெறும் ஈறு. இடப்பக்கம் ஒன்றுதான் மிஞ்சிச் சரிந்து நின்றது. முரசு சிவந்து வீங்கியிருந்தது. வேலை நின்ற இரண்டு மாதத்துக்குள் ஆடத் தொடங்கி, ஆசுபத்திரியில் பிடுங்கியிருக்கிறார்கள். ஏன் இப்படி ஆடுகிறது என்று இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சீனி வருத்தம் என்று சொல்லி, விழுங்கக் குளிசை மாத்திரைகளும் கிளினிக் கொப்பியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"சேரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை," என்றார். "பல்லில்லாதவளை வைச்சுச் சப்பிறதோ எண்டு அனுப்பிப்போடுவார். நான் ஒண்டும் குறை விடேல்லை. மாதா அறிய, பதினைஞ்சும் எண்ணித்தான் சப்பினனான்."

எண்ணித்தான் சப்பினார். அரைக்கிற பல் இல்லாமல் பதினைந்து. பிட்டு மணி மணியாகவே பீக்கருக்குள் விழுந்திருக்கிறது, நொதியம் மெல்ல ஊறியிருக்கிறது, சீனி மெல்லக் கசிந்திருக்கிறது. சேர் அறைக்கு அறை கொண்டுபோய்க் காட்டியது அக்காவின் பொக்கை வாயை. முருங்கையிலைக்கும் அதில் ஏதும் பங்கு இருந்திருக்கலாம். எவ்வளவு இலை, எவ்வளவு பல் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சொல்ல வேண்டுமென்றால் பல்லுள்ள வாய்களைத் தேடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எனக்கு மிஞ்சியிருந்தது நாலு மாதம்.

சேரிடம் போனேன். "அவா விழுங்கேல்லை சேர். அந்த வெறும் மா பழசு, வண்டு விழுந்திட்டுது. அதுதான் பிழைச்சிருக்கு."

"எண்டால் அந்த நாளின்ரை கணக்கை விடும்," என்றார். அவருக்கும் அதுதான் தேவையாக இருந்தது. விட்டேன்.

கழுவுகிற தொட்டியடியில் அக்கா என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார். ஈரக் கை. அந்த நேரம் நான் என்னை நல்லவள் என்றே நினைத்தேன். ஒரு ஏழை மனுசியின் வேலையைக் காப்பாற்றியவள் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். பல் இல்லாததற்கும் கோடு சரிந்ததற்கும் என்ன தொடர்பு என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை, அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பிள்ளை தன் பொக்கையை மறைத்துத் தந்தது என்பதுதான்.

பட்டம் கிடைத்தது. திட்டம் முடிய அக்கா கரைக்கே போய்விட்டார். நான் செட்டிகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போனேன். சேர் கூட்டங்களில் பேசினார். ஒரு பெண்கள் சங்கம் முருங்கையிலைக் குரக்கன் மாவைப் பைக்கற்றில் போட்டு விற்கத் தொடங்கியது. சீனி வருத்தக்காரருக்கு உகந்தது என்று பைக்கற்றில் பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். கடையில் காணும்போதெல்லாம் நான் மற்றப் பக்கம் பார்ப்பேன். குரக்கனும் முருங்கையிலையும் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், அது உண்மையும்தான்.

நாலு வருஷம் போனது. அந்த ஓங்காளித்த பொடியன் ஒருநாள் கதைக்கும்போது சொன்னான். "சப்பல் அக்காவுக்குக் கால் புண் மாறுதில்லையாம். ஒரு விரல் எடுத்தாச்சாம்."

சனிக்கிழமை பஸ் எடுத்தேன். கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் தகரம் போட்ட சின்ன வீடு. அக்கா கதிரையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், துணி சுற்றிய காலை வாங்கில் நீட்டியிருந்தார். மெலிந்து போயிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, உள்ளங்கையைக் காட்டி இருக்கச் சொன்னார். வாய் சப்பிக்கொண்டேயிருந்தது, இருக்கிற நாலைந்து முன்பல்லால். கோப்பையில் கரும்பச்சைப் பிட்டு.

விழுங்கிய பிறகு சொன்னார். "எங்கடை மா தான் பிள்ளை. விடியவும் பின்னேரமும் இதுதான் சாப்பாடு. வேறை ஒண்டும் தொடுறேல்லை."

"குளிசை போடுறீங்களோ அக்கா?"

அவர் காலைப் பார்த்தார். "பாதியை விட்டிட்டன். கிளினிக்கிலை பேசுறாங்கள். அவங்களுக்கு என்ன தெரியும்? நான் சப்பிக் காட்டின மா எல்லோ. சீனி எப்பிடி இறங்கினதெண்டு சேர் கடதாசியிலை காட்டினவர்."

வாயைத் திறந்து ஒரு பொய் சொல்வது சுகம். டொக்டர் சொல்வதைக் கேளுங்கள் அக்கா என்று பொதுவாக ஒரு புத்தி சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். அப்படி நினைத்துப் பார்த்தேன் என்பதையும் ஒளிக்கவில்லை.

"அக்கா, அது இலையாலை இறங்கினதெண்டு சொல்லேலாது," என்றேன். "உங்கடை கடைவாய்ப் பல்லு போனதாலைதான் இறங்கினது. பிட்டு வடிவா அரைபடேல்லை. இலை போடாத பிட்டிலையும் அப்பிடித்தான் வந்தது. அந்தக் கணக்கை நான் ஒளிச்சிட்டன். இந்த மாவை நம்பிக் குளிசையை விடாதேங்கோ. கால் போயிடும்."

அவர் வாய் வெறுமையாகத்தான் இருந்தது. இருந்தும் சப்புவது நிற்கவில்லை. பக்கத்து வளவில் யாரோ வலையை உதறி உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்?"

"ஓம் அக்கா."

"நான் நினைச்சன், எனக்காகத்தான் மறைச்சனீங்களெண்டு." அவர் குரல் உயரவில்லை. "நாலு வருசமாச் செபமாலை சொல்லேக்கை பத்து மணி உருட்டி உங்களுக்கெண்டு ஒப்புக்குடுக்கிறனான் பிள்ளை."

உங்களுக்காகவும்தான் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னச் சொல் என்று எனக்குக் கேட்டது. அவர் கோப்பையை எடுத்து மிச்சப் பிட்டைப் பார்த்தார், மூடி வைத்தார்.

"அலுமாரிக்கு மேலை ஒரு பை கிடக்கு, எனக்கு எட்டாது. எடுத்துத் தாங்கோ."

எட்டி எடுத்தேன். பாரமான பை. மடியில் வைத்து அவிழ்த்தார். கிளினிக்கில் மாதாமாதம் கட்டிக் கொடுத்த குளிசை உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பாதியை விட்டேன் என்றது எனக்காகச் சொன்ன கதை. ஒரு உறைகூடப் பிரித்திருக்கவில்லை.